ஏழில் ஒன்று தவறினால்...

இறுதியாண்டு மாணவன், கணிப்பொறித் துறை



ஆண்டு மலர் என்றால் அதில் ஓர் அறிஞரின் வாழ்க்கை வரலாறு கட்டாயம் இருக்க வேண்டும் என்பது நம் பேரவையின் எழுதாத சட்டம். எடிசன், சர் சி.வி. ராமன், விசுவேசுவரய்யா, அப்துல் கலாம் என்று பழைய மலர்களில் எல்லோரும் வந்துவிட்டார்கள். இந்த வருஷம் யார் என்று மலர்க் குழுவில் கேட்டபோது நான் ரிச்சர்ட் ஹேமிங் என்றேன். இரண்டு பேர் சிரித்துவிட்டார்கள். டிஜிட்டல் எலக்ட்ரானிக்ஸ் பேப்பரில் ஹேமிங் கோட் என்று ஒரு கேள்வி வருமே, அந்த ஹேமிங்கா, அது ஒரு மனுஷனோட பேரா என்று ஒருவன் கேட்டான். அவனைக் குறை சொல்ல மாட்டேன். போன வருஷம் வரைக்கும் எனக்கும் அது மனப்பாடம் பண்ணி, எழுதி, மார்க் வாங்கி, மறந்துபோன ஒரு பெயர்தான்.

அந்தப் பெயருக்குப் பின்னால் ஓர் ஆள் இருக்கிறார் என்று நான் தேடிப் போனது ஒரு தப்பு செய்த பிறகு. அந்தத் தப்பை முதலில் சொல்லிவிடுகிறேன். சொல்லாமல் எழுதினால் கட்டுரை பொய்யாகிவிடும்.

விடுதியில் என் அறை நண்பனிடம் ஒரு பழைய லேப்டாப். செகண்ட் ஹேண்ட். பேட்டரி செத்துப்போய் பல மாதம். சார்ஜர் சொருகியிருந்தால்தான் அதற்கு உயிர். ஒரு நாள் ராத்திரி விண்டோஸ் அப்டேட் ஓடிக்கொண்டிருந்தபோது கரண்ட் போய்விட்டது. திரும்பி வந்த பிறகு மெஷினைப் போட்டால் நீலத் திரை, தானாகவே ரீஸ்டார்ட், மறுபடி நீலத் திரை. எனக்கு அப்போது கம்ப்யூட்டர் விஷயத்தில் வகுப்பிலேயே நான்தான் கெட்டிக்காரன் என்று ஒரு நினைப்பு. நான் பார்த்துக்கிறேன், நீ படுத்துத் தூங்குடா என்று அவனை அனுப்பிவிட்டு உட்கார்ந்தேன்.

ஒரு சிஸ்டம் ஃபைலின் பெயரைச் சொல்லி அது கெட்டுவிட்டது என்றது திரை. என் லேப்டாப்பிலிருந்து அதே பெயருள்ள ஃபைலைப் பென் டிரைவில் எடுத்து, ரிப்பேர் திரையில் வரும் கறுப்பு ஜன்னல் வழியாக அவனுடைய மெஷினில் போட்டேன். பெயர் ஒன்றுதான், ஆனால் பதிப்பு வேறு. உடனே இன்னொரு ஃபைல் கெட்டதாகச் சொன்னது. அதையும் மாற்றினேன். இப்படியே நாலைந்து. விடிகாலை மூன்று மணிக்கு, நீலத் திரை வரைக்குமாவது வந்துகொண்டிருந்த மெஷின் அதுவும் வராமல் நின்றுபோனது. கடைசியில் எல்லாவற்றையும் அழித்துவிட்டுப் புதிதாக விண்டோஸ் போடும் வழியைத் தேர்ந்தெடுத்தேன். காலையில் மெஷின் பளிச்சென்று ஓடியது. நான் பெருமையாக அவனை எழுப்பினேன்.

அவனுடைய நாலு மாத ப்ராஜெக்ட் அதில் இல்லை. ரிப்போர்ட் இல்லை. அவனுடைய அப்பத்தா, சாவதற்கு ஒரு மாதம் முன்னால் பேசியதை அவன் பதிவு செய்து வைத்திருந்தான். பழைய ஃபோன் உடைந்தபோது அந்தப் பதிவை லேப்டாப்பில் போட்டு வைத்திருக்கிறான். அதுவும் இல்லை. ப்ராஜெக்ட் பாதிக்கு மேல் திரும்பக் கிடைத்தது. கைடு சாருக்கு மூன்று வாரம் முன்னால் அனுப்பிய மெயிலில் ஒரு பிரதி இருந்தது. அப்பத்தாவின் குரல் வேறு எங்கும் இல்லை. எஸ்.எஸ்.டி. டிரைவ் என்பதால் அழித்ததை மீட்கும் சாஃப்ட்வேர்களுக்கும் ஒன்றும் சிக்கவில்லை.

அவன் என்னைத் திட்டவில்லை. திட்டியிருக்கலாம்.

விஷயம் கேள்விப்பட்ட லேப் அண்ணன் (எல்லோரும் அவரை அப்படித்தான் கூப்பிடுவோம்) என்னிடம் ஒன்றே ஒன்றுதான் கேட்டார். எத்தனை இடத்தில் கெட்டிருக்கிறது என்று தெரியாமலே எப்படிக் கை வைத்தாய், நீ ஹேமிங் கோட் படித்தவன்தானே என்றார். அந்த நேரத்தில் எனக்கு ஒண்ணுமே புரியவில்லை. சிஸ்டம் ஃபைலுக்கும் ஹேமிங்குக்கும் என்ன சம்பந்தம்? நூலகத்துக்குப் போய்ப் படிக்கத் தொடங்கினேன். இனி அவர் கதை.

ரிச்சர்ட் வெஸ்லி ஹேமிங் 1915 பிப்ரவரி 11-ஆம் தேதி அமெரிக்காவின் சிகாகோ நகரில் பிறந்தார். நம்மைப் போலவே தொழில்நுட்பப் படிப்பின் மேல் ஆசைப்பட்டவர். பள்ளிப் படிப்பே கிரேன் தொழில்நுட்ப உயர்நிலைப் பள்ளியில். இன்ஜினியர் ஆக வேண்டும் என்பதுதான் அவர் கனவு. ஆனால் அது பெரும் பொருளாதார மந்தத்தின் காலம். கையில் காசு இல்லை. உதவித்தொகை கொடுக்க முன்வந்த ஒரே இடம் சிகாகோ பல்கலைக்கழகம். அங்கே இன்ஜினியரிங் துறையே கிடையாது! வேறு வழியில்லாமல் கணிதம் எடுத்தார். 1937-இல் பட்டம். பிறகு நெப்ராஸ்காவில் முதுகலை, 1942-இல் இல்லினாய் பல்கலைக்கழகத்தில் டாக்டர் பட்டம். அதே வருஷம் வாண்டா லிட்டில் என்ற பெண்மணியை மணந்தார். கேட்ட கோர்ஸ் கிடைக்காமல் கிடைத்த கோர்ஸில் சேர்ந்தவர்கள் நம்மிடையே எத்தனை பேர் என்று எண்ணிப் பார்க்கலாம். நான் அதில் ஒருவன் என்பதால் இந்த இடத்தில் எனக்கு அவர் மேல் தனிப் பிரியம் வந்துவிட்டது.

கொஞ்ச காலம் கல்லூரி ஆசிரியர். 1945 ஏப்ரலில் நியூ மெக்ஸிகோ மாநிலத்தின் லாஸ் அலமோஸுக்குப் போனார். அங்கேதான் உலகின் முதல் அணுகுண்டு ரகசியமாகத் தயாராகிக்கொண்டிருந்தது. பெரிய பெரிய இயற்பியல் மேதைகள் கூடியிருந்த அந்த இடத்தில் இவருக்குக் கிடைத்த வேலை, ஐ.பி.எம். கணக்கிடும் இயந்திரங்களை ஓட்டிப் பார்த்துக்கொள்வது. துளையிட்ட அட்டைகளைக் கொடுத்தால் கடகடவென்று கணக்குப் போடும் இயந்திரங்கள். விஞ்ஞானிகள் தங்கள் ஆராய்ச்சிக்குத் திரும்பிப் போக வேண்டும், இயந்திரம் நிற்காமல் ஓட ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் இவர். தன்னை அந்த இயந்திரங்களின் துப்புரவுப் பணியாளர் என்றுகூடப் பின்னாளில் அவர் சொல்லிக்கொண்டார். மனைவி வாண்டாவும் அங்கே கணக்கிடும் பணியில் சேர்ந்தார்.

1945 ஜூலையில் முதல் சோதனை வெடிப்பு நடக்கப் போகிறது. அதற்குச் சற்று முன்னால் ஒருவர் ஒரு கணக்கை ஹேமிங்கிடம் கொடுத்துச் சரிபார்க்கச் சொன்னார். என்ன கணக்கு என்று கேட்டால், குண்டு வெடிக்கும்போது பூமியின் காற்று மண்டலமே தீப்பற்றிவிடுமா என்பதற்கான கணக்காம்! ஹேமிங் பார்த்தார். கூட்டல் பெருக்கல் எல்லாம் சரி. ஆனால் அந்தக் கணக்குக்குள் போட்டிருந்த ஆக்சிஜன், நைட்ரஜன் பற்றிய எண்களுக்கு யார் பொறுப்பு? அந்த அளவு சக்தியில் யாரும் சோதனை செய்து பார்த்ததில்லையே! கூட்டல் சரி என்பதும் விடை சரி என்பதும் ஒன்றல்ல என்ற கவலை அவரைப் பிடித்துக்கொண்டது. அவர் வாழ்நாள் முழுக்க அது விடவில்லை என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

1946-இல் லாஸ் அலமோஸை விட்டு நியூ ஜெர்சிக்குப் புறப்பட்டார். பயணத்துக்காகக் கூட வேலை பார்த்த கிளாஸ் ஃபுக்ஸ் என்பவரிடமிருந்து ஒரு பழைய காரை வாங்கினார். சில வருஷம் கழித்து அதை விற்றார். விற்ற சில வாரங்களில், ஃபுக்ஸ் சோவியத் நாட்டுக்கு அணுகுண்டு ரகசியங்களைக் கொடுத்த ஒற்றர் என்பது 1950-இல் அம்பலமானது! காரை ஏன் சரியாக இந்த நேரத்தில் விற்றாய் என்று எஃப்.பி.ஐ. வந்து ஹேமிங்கை விசாரித்தது. செகண்ட் ஹேண்ட் பொருள் வாங்குவதில் இப்படியும் ஒரு ஆபத்து.

போன இடம் பெல் ஆய்வுக்கூடம். டிரான்சிஸ்டர் 1947-இல் பிறந்த அதே இடம். தகவல் கோட்பாட்டின் தந்தை என்று நாம் படிக்கும் கிளாட் ஷானனும் இவரும் கொஞ்ச காலம் ஒரே அறையில் உட்கார்ந்து வேலை செய்தவர்கள். அங்கேதான் அந்த ரிலே கம்ப்யூட்டர் இவர் வாழ்க்கையில் வந்தது.

மாடல் 5 என்று அதற்குப் பெயர். 9000-க்கும் மேற்பட்ட ரிலேக்கள், சுமார் 10 டன் எடை. நம் எலக்ட்ரிகல் லேபில் டிக் டிக் என்று அடிக்கும் ரிலேயை நினைத்துக்கொள்ளுங்கள். அப்படி ஆயிரக்கணக்கில் ஓர் அறை நிறைய. துளையிட்ட காகித நாடாவில் கணக்கை எழுதி உள்ளே விட வேண்டும். ரிலேயின் முனையில் தூசி உட்கார்ந்தாலே போதும், ஓர் எண் தப்பாகிவிடும். அதற்காக ஒரு நல்ல ஏற்பாடு செய்திருந்தார்கள். ஒவ்வோர் இலக்கத்துக்கும் ஏழு ரிலே. இரண்டு ரிலே கொண்ட குழுவில் ஒன்று, ஐந்து கொண்ட குழுவில் ஒன்று, ஆக மொத்தம் இரண்டுதான் எப்போதும் இயங்கியிருக்க வேண்டும். ஒன்று குறைந்தாலும் கூடினாலும் தப்பு நடந்துவிட்டது என்று இயந்திரமே கண்டுபிடித்து நின்று, விளக்கை மினுக்கும். பகலில் பணியாட்கள் ஓடி வந்து சரி செய்து, விட்ட இடத்திலிருந்து ஓட்டுவார்கள்.

ஹேமிங்குக்குக் கிடைத்ததோ வார இறுதி. அப்போது பணியாட்கள் கிடையாது. தப்பு என்று தெரிந்தால் இயந்திரம் அந்தக் கணக்கை அப்படியே தூக்கிப் போட்டுவிட்டு அடுத்த ஆளின் கணக்குக்குப் போய்விடும். வெள்ளிக்கிழமை நாடாவை மாட்டிவிட்டுப் போனவர் திங்கட்கிழமை ஆசையாக வந்து பார்த்தால் விடை இல்லை. சரி, அடுத்த வாரம். அடுத்த வாரமும் அதே கதை! இரண்டு வாரம் தொடர்ந்து இப்படி ஆனதும் அவருக்குக் கோபம் தலைக்கேறியது. அந்தக் கோபத்தில் ஒரு கேள்வி பிறந்தது. தப்பு நடந்தது என்று கண்டுபிடிக்கத் தெரிந்த இயந்திரத்துக்கு, எங்கே நடந்தது என்று கண்டுபிடித்துத் தானே திருத்திக்கொள்ளத் தெரியாதா?

இது 1947 வாக்கில். நண்பர்களே, இந்த இடத்தில் கொஞ்சம் மெதுவாகப் போக விரும்புகிறேன். பரீட்சைக்குப் படித்தபோது இதில் ஓர் அழகு இருப்பது என் கண்ணில் படவே இல்லை.

நாலு பிட் செய்தி இருக்கிறது: 1, 0, 1, 1. இதை அப்படியே அனுப்பினால், வழியில் ஒன்று மாறினாலும் வாங்குபவருக்குத் தெரியாது. கூட ஒரு பிட் சேர்த்து, மொத்தம் எத்தனை 1 இருக்கிறது என்பது எப்போதும் இரட்டைப்படையாக வரும்படி செய்தால், ஒன்று மாறியதும் ஒற்றைப்படை ஆகிவிடும். தப்பு என்று தெரியும். எது தப்பு என்று தெரியாது. பாரிட்டி என்று நாம் படிப்பது இதுதான். ஹேமிங் முதலில் பிட்களைச் செவ்வகமாக அடுக்கி, ஒவ்வொரு வரிசைக்கும் ஒரு பாரிட்டி, ஒவ்வொரு பத்திக்கும் ஒரு பாரிட்டி என்று போட்டுப் பார்த்தார். எந்த வரிசை, எந்தப் பத்தி என்று தெரிந்தால் இடம் தெரிந்துவிடுமே! ஆனால் கூடுதல் பிட்கள் நிறைய செலவாகின்றன. முக்கோணமாக அடுக்கினார், கனசதுரமாக அடுக்கினார். கடைசியில் எல்லாவற்றையும் விட்டுவிட்டு வேறு மாதிரி யோசித்தார். சோதனைகளின் முடிவே ஓர் எண்ணாக வரட்டும். அந்த எண்ணே தப்பு நடந்த இடத்தின் கதவு எண்ணாக இருக்கட்டும்.

ஏழு கட்டம் போடுங்கள். நம் செய்தியை 3, 5, 6, 7 ஆகிய கட்டங்களில் வையுங்கள். 1, 2, 4 ஆகிய கட்டங்கள் காவலர்களுக்கு. முதல் காவலர் 1, 3, 5, 7 கட்டங்களைப் பார்ப்பார். இரண்டாமவர் 2, 3, 6, 7. நாலாம் கட்டத்தில் உள்ளவர் 4, 5, 6, 7. ஒவ்வொருவரும் தன் பொறுப்பில் உள்ள நாலு கட்டத்திலும் 1-களின் எண்ணிக்கை இரட்டைப்படையாக வரும்படி தன் கட்டத்தை நிரப்பிக்கொள்வார். நம் செய்திக்கு இப்படி வரும்:

0 1 1 0 0 1 1

இப்போது ஆறாம் கட்டத்தில் உள்ள 1, 0 ஆகிவிட்டது என்று வைத்துக்கொள்வோம். 0 1 1 0 0 0 1. முதல் காவலருக்குக் கணக்கு சரியாக இருக்கிறது. இரண்டாமவர் தப்பு என்கிறார். நாலாமவரும் தப்பு என்கிறார். இரண்டும் நாலும் கூட்டினால் ஆறு! ஆறாம் கட்டத்தைத் திருப்பிப் போட்டால் வேலை முடிந்தது. யாரும் ஞாயிற்றுக்கிழமை ஓடி வர வேண்டியதில்லை. எந்தக் கட்டம் கெட்டாலும், காவலரின் கட்டமே கெட்டாலும், இந்தக் கூட்டல் சரியான இடத்தைச் சொல்லும். நோட்டில் போட்டுப் பாருங்கள். நான் ஏழையும் போட்டுப் பார்த்தேன்.

சரி, இரண்டு கட்டம் கெட்டால்? ஆறும் ஏழும் ஒன்றாக மாறிவிட்டன என்று வையுங்கள். 0 1 1 0 0 0 0. முதல் காவலர் மட்டும் தப்பு என்கிறார். மற்ற இருவருக்கும் எல்லாம் சரி. அப்படியானால் முதல் கட்டம்தான் கெட்டது என்று முடிவு கட்டி அதைத் திருப்பினால் 1 1 1 0 0 0 0 என்று ஆகும். மறுபடி சோதித்தால் மூன்று காவலரும் எல்லாம் சரி என்பார்கள்! நல்லா இருந்த ஒரு கட்டத்தையும் கெடுத்து, இரண்டு தப்பை மூன்றாக்கி, மேலே சரி என்று முத்திரையும் குத்தியாகிவிட்டது.

இந்த இடத்தைப் படித்தபோது நூலகத்தில் புத்தகத்தை மூடி வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் வெளியே போய் நின்றேன். லேப் அண்ணன் கேட்டது அப்போதுதான் புரிந்தது. பளிச்சென்று ஓடிய அந்த லேப்டாப் என் கண் முன்னால் வந்தது.

இதற்கும் ஹேமிங்கே வழி சொல்லியிருக்கிறார். எட்டாவதாக ஒரு கட்டம். மொத்தத்துக்கும் சேர்த்து ஒரு பாரிட்டி. காவலர்கள் தப்பு என்கிறார்கள், ஆனால் மொத்தக் கணக்கு சரியாக இருக்கிறது என்றால் இரண்டு இடத்தில் கெட்டிருக்கிறது என்று அர்த்தம். அப்போது எதையும் தொடாதே, ஆளைக் கூப்பிடு. ஒன்றைத் திருத்து, இரண்டைக் கண்டால் கையை எடு. இன்றைக்கு சர்வர்களில் இருக்கும் ஈ.சி.சி. மெமரியில் 64 பிட்டுக்கு 8 காவல் பிட் சேர்த்து 72 பிட்டாக வைப்பது இந்த முறையின் நீட்சிதான். சாதாரண லேப்டாப் மெமரியில் அந்த வசதி பெரும்பாலும் இருப்பதில்லை.

இந்தக் கண்டுபிடிப்பு உடனே வெளியே வரவில்லை. காப்புரிமை வேலை முடியட்டும் என்று நிறுவனம் கட்டுரையைப் பிடித்து வைத்தது. ஷானன் 1948-இல் வெளியிட்ட புகழ்பெற்ற கட்டுரையில் ஹேமிங்கின் ஏழு பிட் முறையை அவர் பெயர் சொல்லி எடுத்துக்காட்டாகக் காட்டினார். 1949-இல் மார்செல் கோலே என்பவர் இதே துறையில் ஒரு சின்னக் கட்டுரை வெளியிட்டுவிட்டார். ஹேமிங்கின் சொந்தக் கட்டுரை 1950 ஏப்ரலில்தான் பெல் நிறுவனத்தின் தொழில்நுட்ப இதழில் வந்தது. இரண்டு சொற்களுக்கு இடையே எத்தனை கட்டம் வேறுபடுகிறது என்று எண்ணும் ஹேமிங் தொலைவு என்பதும் அதில்தான். அந்த விதையிலிருந்து ஒரு துறையே முளைத்தது. 1960-இல் ரீடு, சாலமன் என்ற இருவர் இன்னும் வலுவான ஒரு முறையைக் கொடுத்தார்கள். நம் காலேஜ் வாசல் டீக்கடையில் ஒட்டியிருக்கும் க்யூ.ஆர். அட்டையில் பஜ்ஜி எண்ணெய்க் கறை படிந்து ஒரு மூலையே தெரியவில்லை. ஆனாலும் பணம் போகிறதே, அது ரீடு-சாலமன் புண்ணியம்!

இப்போது லேப் அண்ணன் பிறகு எனக்குச் சொல்லிக்கொடுத்ததை இங்கே எழுதிவிடுகிறேன். வாழ்க்கை வரலாற்றுக்கு நடுவே இது எதற்கு என்று மலர்க் குழு கேட்டது. இருக்கட்டும் என்று கேட்டுக்கொண்டேன்.

மெஷின் எழுந்திருக்கவில்லை என்றால் முதலில் அதில் எதையும் எழுதக் கூடாது. டிரைவைக் கழற்றி யு.எஸ்.பி. பெட்டியில் போட்டு வேறு மெஷினில் மாட்டியோ, பென் டிரைவிலிருந்து லினக்ஸ் ஓட்டியோ, வேண்டிய ஃபைல்களை வெளியே எடுத்துவிட வேண்டும். அதற்குப் பிறகுதான் ரிப்பேர் என்ற பேச்சே. அடுத்து டிரைவும் மெமரியும் ஆரோக்கியமாக இருக்கின்றனவா என்ற சோதனை. மெமரி கெட்டிருந்தால் நாம் திருத்தி எழுதுவதும் கெட்டே எழுதப்படும். கரண்ட் போகாத ஏற்பாடு வேண்டும் என்பதை நான் சொல்லத் தேவையில்லை.

விண்டோஸ் தன் சிஸ்டம் ஃபைல்களின் நல்ல பிரதிகளை வின்எஸ்எக்ஸ்எஸ் என்ற கிடங்கு ஃபோல்டரில் வைத்திருக்கிறது. எஸ்.எஃப்.சி. என்ற கட்டளை, ஓடும் ஃபைல்களைச் சோதித்து, கெட்டதை அந்தக் கிடங்கிலிருந்து எடுத்து மாற்றும். கிடங்கே கெட்டிருந்தால்? அதைச் செப்பனிடத்தான் டிஸ்ம் என்ற கட்டளை. அது மைக்ரோசாஃப்ட் சர்வரிலிருந்தோ, நாம் காட்டும் இன்ஸ்டால் டிஸ்க்கிலிருந்தோ நல்ல பிரதியை வாங்கிக் கிடங்கை நிரப்பும். அதனால் முதலில் டிஸ்ம், பிறகு எஸ்.எஃப்.சி. விண்டோஸ் எழவே இல்லை என்றால் ரிப்பேர் திரையிலிருந்தே, விண்டோஸ் எந்த டிரைவில் இருக்கிறது என்று குறிப்பிட்டு இவற்றை ஓட்டலாம். இன்ஸ்டால் டிஸ்க் அதே பதிப்பாக இருக்க வேண்டும். என்னை மாதிரி அடுத்தவன் மெஷினிலிருந்து பெயர் பார்த்து ஃபைல் பொறுக்கக் கூடாது! பாதியில் நின்ற அப்டேட்டைப் பின்வாங்கிப் பழைய நிலைக்குப் போக விண்டோஸே முயற்சி செய்யும். அதற்குக் கொஞ்சம் நேரம் கொடுக்க வேண்டும். எல்லாவற்றையும் அழித்துப் போடுவது கடைசி வழி. அன்று எனக்கு அது இரண்டாவது வழி.

இதில் எந்தக் கட்டளையும் தொடாத பகுதி ஒன்று உண்டு. நம் சொந்த ஃபைல்கள். அவற்றுக்குக் கிடங்கும் இல்லை, காவல் பிட்டும் இல்லை. முன்கூட்டியே நாம் ஒரு பிரதி வைத்தால் உண்டு.

ஹேமிங்கிடம் திரும்புவோம். பெல் ஆய்வுக்கூடத்தில் முப்பது வருஷம் இருந்தார். 1958 முதல் 1960 வரை அமெரிக்கக் கணிப்பொறிச் சங்கமான ஏ.சி.எம்.-இன் தலைவர். 1968-இல் டூரிங் விருது. அந்த விருதைப் பெற்றவர்களில் இவர் மூன்றாமவர். சிக்னல் ப்ராசஸிங் படிப்பவர்களுக்கு ஹேமிங் விண்டோ தெரிந்திருக்கும். அதுவும் இவர் பெயரால் வந்ததுதான். மனிதர் கொஞ்சம் முரட்டுப் பேர்வழி. சாப்பாட்டு நேரத்தில் வேதியியல் ஆராய்ச்சியாளர்களின் மேஜையில் போய் உட்கார்ந்து, உங்கள் துறையில் முக்கியமான பிரச்சினைகள் எவை என்று கேட்பாராம். சில நாள் கழித்து, நீங்கள் எந்த முக்கியமான பிரச்சினையில் வேலை செய்கிறீர்கள் என்று கேட்பாராம். அடுத்தது, செய்வது முக்கியமில்லை என்றால் ஏன் செய்கிறீர்கள் என்பது! அதற்கு மேல் அந்த மேஜையில் யாரும் அவரை விரும்பவில்லை; வேறு மேஜை தேடிப் போனார். வெள்ளிக்கிழமை மதியத்துக்கு மேல் பெரிய விஷயங்களைத் தவிர வேறெதையும் யோசிப்பதில்லை என்ற வழக்கமும் வைத்திருந்தார். நம் வெள்ளிக்கிழமை மதியம் எப்படிப் போகிறது என்பதை இங்கே எழுத வேண்டாம்.

1976-இல் பெல் ஆய்வுக்கூடத்தை விட்டு, கலிஃபோர்னியாவில் மான்டெரே என்ற ஊரில் உள்ள கடற்படை முதுநிலைப் பள்ளிக்குப் பாடம் நடத்தப் போனார். ஆராய்ச்சிப் புகழோடு ஓய்வெடுக்கலாம் என்ற வயதில், இருபது வருஷத்துக்கு மேல் வகுப்பறை. அந்த வகுப்புகளிலிருந்து 1997-இல் ஒரு புத்தகமும் வந்தது. அதே வருஷம் டிசம்பர் வரை பாடம் எடுத்தார். 1998 ஜனவரி 7-ஆம் தேதி மாரடைப்பால் காலமானார். வயது 82.

இந்தக் கட்டுரையின் கைப்பிரதியை அச்சுக்குக் கொடுப்பதற்கு முன்னால் என் அறை நண்பனிடம் காட்டினேன். அப்பத்தா பற்றிய வரிகள் இருக்கலாமா என்று கேட்கத்தான். இருக்கட்டும் என்றான். பிறகு பேனாவை வாங்கி, நான் எழுதியிருந்த ஏழு எண்களுக்குக் கீழே விரல் வைத்து ஏதோ முணுமுணுத்தான். நான் 0 1 1 0 1 1 1 என்று எழுதியிருந்தேன். முதல் காவலரும் தப்பு என்கிறார், நாலாமவரும் தப்பு என்கிறார், ஐந்தாவது கட்டத்தைப் பார் என்றான். அடித்துவிட்டு அவன் திருத்தி எழுதியதுதான் மேலே அச்சாகியிருக்கிறது.